நுண்துளை பீசோ செராமிக்: கடும் சூட்டிலும் கடும் அழுத்தத்திலும் என்ன ஆகிறது?

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் விசைப்படகுகளின் எக்கோ சவுண்டர், அதாவது கடலுக்குள் ஒலி அனுப்பி மீனைக் காட்டும் கருவி, பழுது பார்ப்பது என் வேலை. படித்தது விருத்தாசலத்தில், செராமிக். அதனால் படகுக்காரர்கள் அந்தக் கருவிக்குள் இருக்கும் பீசோ செராமிக் வில்லையைப் பற்றிக் கேட்பார்கள், விருத்தாசலத்துச் சூளைக்காரர்கள் அதைச் சுடுவதைப் பற்றிக் கேட்பார்கள். புராஜெக்டுக்காகப் புதுச்சேரியிலிருந்து வரும் மாணவர்களுக்கோ இரண்டும் வேண்டும். பல வருஷமாக ஒரே சந்தேகங்கள்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட பேச்சிலேயே கேள்விகளை வைத்திருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால்.

“பீசோ, பீசோன்னு சொல்றீங்களே, அது என்ன பொருளு?”

அடுப்பங்கரையில் இருக்கும் கேஸ் லைட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். பேட்டரி கிடையாது. பொத்தானை அமுக்கினால் உள்ளே ஒரு சின்னச் சுத்தி ஒரு செராமிக் துண்டின் தலையில் அடிக்கிறது. அந்த அடிக்கே ஆயிரக்கணக்கான வோல்ட் உண்டாகிப் பொறி பறக்கிறது. இப்படி அழுத்தினால் மின்னூட்டம் தரும் பொருள்தான் பீசோ. 1880-இல் பிரான்சில் க்யூரி சகோதரர்கள், ஜாக்கும் பியரும், குவார்ட்ஸ், டூர்மலின் முதலான படிகங்களில் இதைக் கண்டார்கள். மின்சாரம் கொடுத்தால் அதே பொருள் நீளும், சுருங்கும் என்பது அடுத்த வருஷமே தெரிந்துவிட்டது. எக்கோ சவுண்டர் இரண்டையும் செய்கிறது: மின்சாரத்தை ஒலியாக்கிக் கடலுக்குள் அனுப்புகிறது, திரும்பி வரும் ஒலியை மின்சாரமாக்கிக் காட்டுகிறது.

டூர்மலின் நமக்குத் தூரத்துச் சொந்தம் என்றே சொல்லலாம். அந்தக் கல்லை இலங்கையிலிருந்து ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனவர்கள் டச்சுக்காரர்கள். பெயரே சிங்களச் சொல்லிலிருந்து வந்தது. சூடாக்கினால் சாம்பலை இழுக்கும் கல் என்று அங்கே அது அதிசயமாகப் பேசப்பட்டது. அந்தச் சாம்பல் சங்கதி கீழே ‘ஷாக் அடிச்சுதே’ என்ற கேள்வியில் மறுபடி வரும்.

“செராமிக்னா பீங்கான்தானே? கப்ப அமுக்குனா கரண்டு வரலியே?”

வராது. கப் செய்யும் களிமண்ணில் அந்த குணம் இல்லை. நாம் பேசுவது பேரியம் டைட்டனேட், லெட் சிர்கோனேட் டைட்டனேட் போன்ற பொருள்கள். இரண்டாவதை எல்லோரும் பி.இசட்.டி. என்றே சொல்கிறோம். இவற்றின் படிகத்துக்குள் ஒரு பக்கம் நேர் மின்னூட்டமும் மறுபக்கம் எதிர் மின்னூட்டமும் இயல்பாகவே சற்றுத் தள்ளி நிற்கும். ஆனால் சூளையிலிருந்து இறக்கியவுடன் ஒவ்வொரு குருணையும் ஒவ்வொரு திசையைப் பார்த்திருக்கும், கூட்டிப் பார்த்தால் சுழியம்தான். அதனால் வில்லையைச் சூடான சிலிக்கோன் எண்ணெயில் போட்டு, ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு 2 முதல் 4 கிலோவோல்ட் வரை கொடுத்து எல்லாவற்றையும் ஒரே திசைக்குத் திருப்புவோம். இதற்குப் பெயர் போலிங். போலிங் முடியும்வரை அது வெறும் வெள்ளைக் கல்தான்.

ஒவ்வொரு பொருளுக்கும் க்யூரி வெப்பநிலை என்று ஒன்று உண்டு. அதைத் தாண்டிச் சூடாக்கினால் படிகத்தின் அந்தத் தள்ளி நிற்கும் அமைப்பே போய்விடும். ஆறவைத்தால் அமைப்பு திரும்பும், ஆனால் திசை திரும்பாது. பேரியம் டைட்டனேட்டுக்கு இது சுமார் 120 டிகிரி செல்சியஸ். பி.இசட்.டி.க்கு வகையைப் பொறுத்து 200-லிருந்து 360 வரை.

“நல்லா இறுகணும்னுதான் இவ்ளோ வெறகு எரிக்கிறோம். நீ வேணும்னே ஓட்டை போடுறது எதுக்குப்பா?”

விருத்தாசலத்தில் ஃபியூஸ் கட்டை சுடும் பெரியவர் கேட்டது. அவர் தொழிலில் துளை என்றால் கழித்துக்கட்டிய சரக்கு. எங்கள் தொழிலில் துளைக்கு வேலை இருக்கிறது. முதல் காரணம் ஒலி. ஒலி போவதற்கு ஒரு பொருள் காட்டும் எதிர்ப்பு ஒலித்தடை, அதன் அலகு மெகாரெய்ல். இறுகிய பி.இசட்.டி.க்கு அது சுமார் 33. தண்ணீருக்கு 1.5. இவ்வளவு வித்தியாசம் இருந்தால் ஒலி எல்லையிலேயே முட்டித் திரும்பிவிடும். கணக்குப் போட்டால் ஆறில் ஒரு பங்கு ஆற்றல்தான் தண்ணீருக்குள் போகிறது. துளை விட்டு ஒலித்தடையை 10-க்கு இறக்கினால் ஏறக்குறைய 45 சதவீதம் போகும். துளையுள்ள வில்லை மணி மாதிரி நெடுநேரம் அதிர்ந்துகொண்டிருக்காமல் சட்டென்று அடங்கும். அடுத்தடுத்து நிற்கும் இரண்டு மீன்களைப் பிரித்துக் காட்ட அது உதவும்.

இரண்டாவது காரணம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. வில்லையின் தலையில் அழுத்தினால் வரும் மின்னூட்டத்தை டி33 என்கிறோம், விளிம்பில் அழுத்தினால் வருவதை டி31. இரண்டுக்கும் குறி எதிரெதிர். பி.இசட்.டி. 5ஏ என்ற பிரபலமான வகைக்கு டி33 சுமார் 374, டி31 சுமார் கழித்தல் 171, ஒரு நியூட்டன் விசைக்கு இத்தனை பிக்கோகூலும் மின்னூட்டம் என்ற அளவில். கடலுக்குள் அழுத்தம் எல்லாப் பக்கமும் வருவதால் தலைக்கு ஒன்று, விளிம்புக்கு இரண்டு என்று சேர்க்க வேண்டும். 374-இல் இரண்டு தடவை 171-ஐக் கழித்தால் மிஞ்சுவது 32. முன்னூற்றுச் சொச்சம் கையில் இருந்தும் கடலுக்குள் கிடைப்பது முப்பத்திரண்டுதான்!

துளை விட்டால் டி33 கொஞ்சம்தான் குறையும், டி31 வேகமாகக் குறையும். பக்கவாட்டில் வரும் தள்ளலைத் துளைகள் வாங்கிக்கொள்வதுதான் காரணம். பேச்சுக்கு டி33 300 என்றும் டி31 கழித்தல் 80 என்றும் வைத்துக்கொண்டால் மிஞ்சுவது 140. பொருளைக் குறைத்தும் பலன் நாலு மடங்குக்கு மேல் கூடிவிட்டது. துளைக்குள் காற்று இருப்பதால் மின்தேக்குத் திறனும் (கெப்பாசிட்டன்ஸ்) குறைகிறது, ஆகவே அதே மின்னூட்டத்துக்கு வோல்ட் இன்னும் கூடுதலாகக் கிடைக்கும். இதைச் சொல்லி முடித்ததும் அந்தப் பெரியவர் கையிலிருந்த கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“ஓட்டைய எப்படிப் போடுவீங்க? டிரில்லுலயா?”

இல்லை. செங்கல் அறுப்பவர்கள் களிமண்ணில் உமி கலப்பதைப் பார்த்திருப்பீர்கள். சூளையில் உமி எரிந்து போகும், அது இருந்த இடம் வெற்றிடமாக நிற்கும், கல் லேசாகும். இங்கேயும் அதே வேலைதான். செராமிக் தூளோடு ஸ்டார்ச் அல்லது நுண்ணிய அக்ரிலிக் பிளாஸ்டிக் உருண்டைகளைக் கலந்து அச்சில் அழுத்தி, முதலில் மெல்ல எரித்து வெளியேற்றி, பிறகு 1200 டிகிரிக்கு மேல் கொண்டுபோய் இறுக்குகிறோம். எரித்து வெளியேற்றும் கட்டத்தில், அதாவது 200-லிருந்து 500 டிகிரி வரை, அவசரப்படக் கூடாது. என் ஆரம்ப நாட்களில் ஒரு தட்டு முழுவதையும் வேகமாக ஏற்றி, உள்ளே உண்டான புகைக்கு வழியில்லாமல் அத்தனையும் விரிசல் விட்டது. இப்போது அந்தக் கட்டத்துக்கு மட்டும் ஒரு இரவு முழுக்க ஒதுக்குகிறேன்.

இன்னொரு வழி உறைய வைப்பது. துறைமுகத்தில் வந்து இறங்கும் ஐஸ் பாளத்தைப் பாருங்கள். வெளிப்பக்கம் கண்ணாடி மாதிரி இருக்கும், நடுவில் வெள்ளையாக இருக்கும். தண்ணீர் உறையும்போது தன்னிடம் ஒட்டாத காற்றையும் உப்பையும் உள்ளே தள்ளிக்கொண்டே போவதால் அப்படி. செராமிக் தூள் கலந்த தண்ணீரைக் கீழிருந்து உறைய வைத்தால் ஐஸ் ஊசி ஊசியாக மேலே வளரும், தூள் அந்த ஊசிகளுக்கு நடுவே சுவர் சுவராக ஒதுங்கும். ஐஸை ஆவியாக்கிவிட்டுச் சுட்டால் செங்குத்தான நீள் துளைகள் கிடைக்கும். கற்பூரத்துக்கு நெருங்கிய உறவான கேம்ஃபீனை வைத்தும் செய்வார்கள். அது அறை வெப்பத்திலேயே கட்டியாகி, கற்பூரம் போலவே காற்றில் கரைந்துவிடும்.

“மூடுன ஓட்டை, தொறந்த ஓட்டைன்னு சொல்றாங்களே?”

பூரிக்குள் இருக்கும் காற்று மூடியது. சாம்பாரை உறிஞ்சும் இட்லியின் துளைகள் திறந்தவை. துளை குறைவாக இருக்கும்போது பெரும்பாலும் தனித்தனியாக மூடியிருக்கும். கூடக் கூட ஒன்றோடொன்று கைகோத்து வெளியே திறந்துவிடும். கீழே வரும் அழுத்தக் கேள்விகளில் பாதிக்கு விடை இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

“ஓட்டை இருந்தா சூடு தாங்காதுல்ல? க்யூரி வெப்பநிலை கொறஞ்சிடும்ல?”

பெரும்பாலோர் தப்பாக நினைத்திருப்பது இது. க்யூரி வெப்பநிலை படிகத்தின் சொந்த குணம். பாதிப் பொருளை எடுத்துவிட்டாலும் மீதிப் பாதியின் படிகம் அதேதான். உள் இறுக்கத்தால் ஓரிரு டிகிரி அப்படி இப்படி நகரலாம், அவ்வளவுதான். ஆக, எந்தச் சூடு வரை போகலாம் என்பதைப் பொருள்தான் முடிவு செய்கிறது. துளைகளுக்கு அதில் பேச்சே இல்லை.

ஆனால் க்யூரி வெப்பநிலை வரை போகலாம் என்று அர்த்தமில்லை. அதற்கு வெகு முன்னாலேயே திசைகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைய ஆரம்பிக்கும். செல்சியஸ் அளவில் க்யூரி வெப்பநிலையின் பாதி வரை நம்பிப் பயன்படுத்தலாம் என்பது தொழிலில் இருக்கும் வழக்கம். 350 டிகிரி வகை என்றால் 175. இன்னொன்றும் உண்டு: சூடு ஏறினால் செராமிக்கின் மின்தடை இறங்கும், உண்டான மின்னூட்டம் வெளியே வருவதற்குள் உள்ளேயே கசிந்துவிடும். வேகமான அதிர்வு தெரியும், மெதுவான அழுத்த மாற்றம் தெரியாமலே போய்விடும். வில்லை நன்றாகத்தான் இருக்கும், நமக்கு அளவு கிடைக்காது.

“படகு ரெண்டு மாசமா வெயில்லயே கெடக்குது. வில்லை போயிருக்குமா தம்பி?”

போயிருக்காது, அண்ணே. தடைக்காலத்தில் கரையில் ஏற்றிய படகின் அடிப்பாகம் எவ்வளவு சுட்டாலும் பி.இசட்.டி.க்கு அது ஒரு பொருட்டே இல்லை. என்னிடம் வரும் செத்த வில்லைகளில் பலவற்றைக் கொன்றது சால்டரிங் அயர்ன். ஒயர் இணைக்க வில்லையின் இரண்டு பக்கமும் வெள்ளிப் பூச்சு இருக்கும். 350 டிகிரி முனையை அதன்மேல் பத்து விநாடி அழுத்தி வைத்தால் அந்த இடத்துக்குக் கீழே போலிங் போய்விடும். வெள்ளி கலந்த ஈயத்தைக் கொண்டு, தொட்டதும் எடுத்துவிட வேண்டும். துளையுள்ள வில்லையில் இன்னும் கவனம் தேவை. துளை வெப்பத்தைப் பரவவிடாது, சூடு ஒரே இடத்தில் தேங்கும்.

“ஓவன்லேருந்து எடுத்தப்ப ஷாக் அடிச்சுது சார். ஒயரே குடுக்கலியே?”

டூர்மலின் சாம்பலை இழுத்த அதே காரணம். போலிங் செய்த பொருளைச் சூடாக்கினாலும் ஆற்றினாலும் மின்னூட்டம் உண்டாகும். நூறு டிகிரி மாற்றத்துக்கு ஒரு மில்லிமீட்டர் வில்லையில் ஆயிரம் வோல்ட்டைத் தாண்டலாம். நமக்கு ஷாக் அடிப்பதோடு முடிவதில்லை, அந்த வோல்ட்டே போலிங்கைக் கலைத்துவிடவும் கூடும். சூடாக்குமுன் இரண்டு பக்கத்துப் பூச்சையும் ஒரு மெல்லிய கம்பியால் சேர்த்துக் கட்டிவிடுங்கள்.

“சூட்டுலேருந்து திடீர்னு குளிர்ந்தா வெடிக்காதா? ஓட்டை வேற இருக்கு.”

இங்கே துளை இரண்டு பக்கமும் பேசுகிறது. வலிமை குறைவு என்பது கெட்டது. வெப்பம் மெதுவாகப் பரவுவதால் மேலும் கீழும் சூட்டு வித்தியாசம் கூடும் என்பதும் கெட்டதுதான். ஆனால் துளையுள்ள பொருள் விறைப்புக் குறைந்தது, கொஞ்சம் வளைந்து கொடுக்கும். கிளம்பிய விரிசல் ஒரு துளையை அடைந்ததும் அங்கேயே நின்றுவிடுவதும் உண்டு.

இதை நன்றாகப் பயன்படுத்திக்கொண்ட ஒரு முறை இருக்கிறது. பீசோ தூளை அதன் வேதிக் கரைசலோடு கலந்து, நேராக இரும்பின்மேலேயே தெளித்து, பல அடுக்காகச் சுட்டு ஏற்றுவார்கள். வரும் படலம் இயல்பாகவே துளை நிறைந்தது. இரும்பு விரிந்து சுருங்கும்போது அதோடு சேர்ந்து தாங்குகிறது, பசையும் வேண்டாம், நடுவே தடவும் ஜெல்லும் வேண்டாம். இறுகிய வில்லையை ஒட்டியிருந்தால் நாலைந்து சூடு-ஆறலில் பெயர்ந்துவிடக்கூடிய இடங்களில் இது நிற்கிறது.

“அனல்மின் நிலையத்துல நீராவிக் குழாய் மேல பி.இசட்.டி. ஒட்டலாமா?”

நெய்வேலிப் பக்கத்து மாணவர்கள் தவறாமல் கேட்பது. பிரதான நீராவிக் குழாய் 500 டிகிரிக்கு மேல் ஓடும். மேலே சொன்ன பாதிக் கணக்கைப் போட்டுப் பார்த்தாலே பி.இசட்.டி.க்கு அங்கே இடமில்லை என்று தெரியும். துளை விட்டாலும் அந்த நிலை மாறாது. பொருளைத்தான் மாற்ற வேண்டும். பிஸ்மத் டைட்டனேட்டின் க்யூரி வெப்பநிலை 675 டிகிரி, லித்தியம் நியோபேட்டுக்கு 1100-க்கு மேல். இவற்றின் டி33 பி.இசட்.டி.யோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. சூட்டைத் தாங்குவதற்குக் கொடுக்கும் விலை அது.

இடையில் லெட் மெட்டாநியோபேட் என்று ஒன்று உண்டு, 500 டிகிரிக்கு மேல் க்யூரி வெப்பநிலை. அதை இறுக்கமாகச் சுடுவதே கஷ்டம், இயல்பாகவே துளையோடுதான் வரும். அதிர்வு சட்டென்று அடங்கும் குணமும் அதற்கு உண்டு. உலோகத்தில் விரிசல் தேடுகிறவர்கள் பல காலமாக அதை விரும்பிப் பயன்படுத்துகிறார்கள்.

“கடல்ல எவ்ளோ ஆழம் வரைக்கும் தாங்கும்?”

படகின் அடியில் இருக்கும் வில்லைக்கு ஆழம் என்பதே இல்லை, அது தண்ணீருக்குள் இரண்டு மூன்று மீட்டர். ஆழத்துக்கு இறங்கும் கருவிக்குத்தான் கணக்கு. பத்து மீட்டருக்கு ஒரு காற்றழுத்தம் கூடும், அதாவது 0.1 மெகாபாஸ்கல். சென்னையில் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகம் உருவாக்கிவரும் மத்ஸ்யா 6000 ஆழ்கடல் வாகனம் போக வேண்டிய 6000 மீட்டரில் 60 மெகாபாஸ்கல். கட்டைவிரல் நகம் அளவு இடத்தில் அறுநூறு கிலோ.

சூட்டைப் பொருள் முடிவு செய்கிறது என்றேன். அழுத்தத்தில் துளையின் வடிவத்துக்குத்தான் முதல் இடம். மூடிய உருண்டைத் துளையின் சுவரில் வெளி அழுத்தத்தைப்போல ஒன்றரை மடங்கு இறுக்கம் விழும். நீண்ட குழாய்த் துளையைப் பக்கவாட்டில் அமுக்கினால் இரண்டு மடங்கு. தட்டையான, விரிசல் போன்ற துளையின் விளிம்பில் பல மடங்கு. ஆகவே 30 சதவீதம் உருண்டைத் துளை உள்ள வில்லை தாங்கும் இடத்தில், 15 சதவீதம் தட்டைத் துளை உள்ள வில்லை நொறுங்கலாம். எவ்வளவு துளை என்று மட்டும் சொல்லி வில்லை விற்பவரிடம், என்ன வடிவம் என்றும் கேளுங்கள்.

“எல்லாப் பக்கமும் சமமா அழுத்தம் வந்தா ஒண்ணும் ஆகாதுன்னு படிச்சேனே சார்?”

துளையில்லாத பொருளுக்கு அது ஓரளவு உண்மை. துளையுள்ள பொருளுக்கு வெளியேதான் சமம், உள்ளே சமமில்லை. முந்தின பதிலில் சொன்ன ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு எல்லாம் வெளியே சரிசமமாக அழுத்தும்போது வருபவைதான். துளைச் சுவர் ஒரு திசையில் மட்டும் நெருக்கப்படுவதால் அங்கே இருக்கும் படிகங்களின் போலிங் மற்ற இடங்களுக்கு முன்னால் கலையும்.

“தொறந்த ஓட்டைன்னா தண்ணி உள்ளயும் போயி அழுத்தத்த சமன் பண்ணிடுமே? அப்ப நல்லதுதானே?”

நல்ல கேள்வி, நானும் ஒரு காலத்தில் இதில் தடுக்கி நின்றேன். உடையாது என்பது சரி. உள்ளும் புறமும் ஒரே அழுத்தம் என்றால் துளைச் சுவருக்குக் கூடுதல் பாரமில்லை. ஆனால் எதற்காகத் துளை விட்டோமோ அது போய்விடும். பக்கவாட்டுத் தள்ளலைத் துளை வாங்கிக்கொள்வதால்தான் 32 என்பது 140 ஆனது. தண்ணீர் நிறைந்த துளைச் சுவர்களிலும் அதே அழுத்தம் நின்றால் செராமிக்கின் ஒவ்வொரு குருணையும் மறுபடி எல்லாப் பக்கமும் சமமாக அமுங்கும், பழைய கழித்தல் கணக்குத் திரும்பும். இருக்கும் பொருளும் குறைவு என்பதால் 32-ஐ விடவும் கீழே போகும். உப்புத் தண்ணீர் என்றால் இரண்டு பூச்சுக்கும் நடுவே மின்சாரத்துக்குப் பாதையும் போட்டுவிடும்.

அதனால் திறந்த துளை வில்லையை எப்போதும் மூடித்தான் இறக்க வேண்டும்: மேலே பாலியூரித்தேன் உறை, அல்லது துளைக்குள்ளேயே மென்மையான பிசின்.

“ஒரே பக்கமா நெட்டுக்குத்தா அமுக்குனா?”

அது இன்னும் கடுமை. போலிங் செய்த திசையிலேயே அமுக்கினால் படிகங்கள் பக்கவாட்டில் சாய்ந்துகொள்ளப் பார்க்கும். எளிதில் திசை மாறும் மென்வகைப் பி.இசட்.டி.யில் சில பத்து மெகாபாஸ்கலிலேயே தொடங்கிவிடும், எளிதில் மாறாத வன்வகை இன்னும் தாக்குப்பிடிக்கும். துளை இருந்தால் மீதிப் பொருள் மொத்தப் பாரத்தையும் சுமப்பதால் முன்னதாகவே தொடங்கும். கால் பங்கு துளைக்கு வலிமை கால் பங்கு குறைவதோடு நிற்பதில்லை, பாதிக்கும் கீழே போகலாம். ஒருமுறை பெரிதாக அமுக்குவது மட்டுமல்ல, சிறிதாக ஆயிரம் முறை அமுக்கி விடுவதும் சேதம் செய்யலாம்.

“அழுத்தம் கூடுனா க்யூரி வெப்பநிலை ஏறுமா, எறங்குமா?”

பேரியம் டைட்டனேட் வகையில் இறங்கும். 100 மெகாபாஸ்கலுக்குச் சுமார் 5 டிகிரி. குவார்ட்ஸில் நேர்மாறு: சாதாரண அழுத்தத்தில் அதன் படிகம் மாறும் 573 டிகிரி, 100 மெகாபாஸ்கலுக்கு ஏறக்குறைய 25 டிகிரி ஏறும். காரணம் இடம்தான். மின்னூட்டம் தள்ளி நிற்கும் அமைப்புக்குப் பேரியம் டைட்டனேட்டில் கொஞ்சம் கூடுதல் இடம் வேண்டும். நெருக்கினால் அதற்கு வழியில்லை. குவார்ட்ஸில் சூடான வடிவத்துக்குத்தான் கூடுதல் இடம் வேண்டும். 5 டிகிரி என்பது வேலையில் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் துளைச் சுவரில் அழுத்தம் ஒன்றரை, இரண்டு மடங்கு என்பதை மறந்துவிட்டு எல்லை வரை போகாதீர்கள்.

“எண்ணெய்க் கெணத்துல சூடும் அழுத்தமும் சேந்து வருது. எது மொதல்ல போவும்?”

காரைக்கால் பக்கம் காவிரிப் படுகைக் கிணறுகளில் வேலை பார்க்கும் நண்பர் கேட்டார். பூமிக்குள் ஒரு கிலோமீட்டருக்கு 25 முதல் 30 டிகிரி ஏறும் என்று வைத்தால், மேற்பரப்பின் 30 டிகிரியையும் சேர்த்து 5 கிலோமீட்டரில் 155-லிருந்து 180 டிகிரி. வெறும் தண்ணீர் நின்றாலே 50 மெகாபாஸ்கல், கிணறு தோண்டும்போது நிரப்பும் கனமான சேறு நின்றால் இன்னும் மேல். பி.இசட்.டி.யின் பாதிக் கணக்குக்கு இது விளிம்பு.

இரண்டையும் தனித்தனியாகச் சோதித்துப் பாஸ் என்று எழுதுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. 170 டிகிரி தாங்கியது, 60 மெகாபாஸ்கல் தாங்கியது, ஆகவே இரண்டும் சேர்ந்தால் தாங்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சூட்டில் படிகங்கள் சாய்வதற்குக் குறைந்த அழுத்தமே போதும். அறை வெப்பத்தில் தைரியமாக நின்ற வில்லை அங்கே குறைந்த பாரத்திலேயே கலையும்.

அனுபவத்தில் முதலில் போவது பெரும்பாலும் செராமிக் அல்ல, அதை மூடிய உறை. பிசின் இளகுகிறது, அழுத்தம் அதைத் துளைக்குள் பிதுக்குகிறது, அதன் பின்னால் திரவம் நுழைகிறது. அதன் பிறகு நடப்பது மேலே தண்ணீர் புகுந்த கேள்வியில் சொன்னதுதான். சோதனை செய்வதென்றால் சூடாக்கி நிறுத்தி, அந்தச் சூட்டிலேயே அழுத்தத்தை ஏற்றி இறக்கிப் பல சுற்று ஓட்டுங்கள். முன்னும் பின்னும் டி33, மின்தேக்குத் திறன் இரண்டையும் அளந்து எழுதுங்கள். டி33 மட்டும் விழுந்தால் போலிங் கலைந்திருக்கிறது. மின்தேக்குத் திறன் ஏறியிருந்தால் துளைக்குள் ஏதோ புகுந்திருக்கிறது. குறைந்திருந்தால் விரிசல் அல்லது பூச்சு பெயர்ந்ததைத் தேடுங்கள்.

“அப்ப குவார்ட்ஸையே போட்டுட்டுப் போவலாமே?”

அழுத்தம் அளக்க மட்டும் என்றால் போடலாம், கிணறுகளில் போட்டும் இருக்கிறார்கள். அதன் உறுதி அபாரம். ஆனால் நியூட்டனுக்கு 2.3 பிக்கோகூலும்தான் தரும். பி.இசட்.டி. தருவது நூற்றுக்கணக்கில். ஒலியைப் பலமாக அனுப்ப வேண்டுமென்றால் போதாது. சூடும் ஒருபக்க அழுத்தமும் சேர்ந்தால் குவார்ட்ஸும் 573-க்கு வெகு முன்னாலேயே உள்ளுக்குள் இரட்டைப் படிகமாகப் புரண்டு குணம் மாறலாம்.

“அமுக்குன ஒடனே மொத்த சார்ஜும் வெளிய வந்துடுற வகை ஒண்ணு இருக்காமே?”

இருக்கிறது. பி.இசட்.டி.யில் சிர்கோனியம் 95, டைட்டானியம் 5 என்ற விகிதத்தில் செய்தால், எல்லாப் பக்கமும் 300 மெகாபாஸ்கல் அளவுக்கு அழுத்தும்போது படிகமே வேறு அமைப்புக்கு மாறிவிடும். அந்த அமைப்பில் பக்கத்துப் பக்கத்து மின்னூட்டங்கள் எதிரெதிராக நின்று ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். அதுவரை பிடித்து வைத்திருந்த மின்னூட்டம் அத்தனையும் ஒரே மூச்சில் வெளியே வரும். அதிலும் துளையை அளவறிந்து விடுகிறார்கள். ஒருமுறை மட்டும் பலத்த மின்துடிப்பு தேவைப்படும் இடங்களுக்கானது அது. நம் பக்கத்து வேலைகளில் அதற்கு இடமில்லை.

“செத்த வில்லைக்குத் திரும்ப உசுரு குடுக்க முடியுமா?”

போலிங் மட்டும் கலைந்திருந்தால் முடியும். மறுபடி எண்ணெயில் போட்டு வோல்ட் கொடுத்தால் பெரும்பகுதி திரும்பும். விரிசல் விட்டிருந்தால் முடியாது. துளையுள்ளதில் முதல் போலிங்கே சிரமம். கொடுக்கும் வோல்ட்டில் பெரும்பங்கைத் துளைக்குள் இருக்கும் காற்றே எடுத்துக்கொள்ளும், துளையை ஒட்டிய செராமிக் அரைகுறையாகத் திரும்பும், அதிகம் கொடுத்தால் துளைக்குள் பொறி கிளம்பும்.

திறந்த துளை வில்லையை எண்ணெயில் போலிங் செய்வதில் இன்னொரு ஆபத்து. ஒரு தடவை அப்படிச் செய்துவிட்டு மேலோட்டமாகத் துடைத்து உயர்சூட்டுச் சோதனைக்கு அனுப்பினேன். உள்ளே ஊறியிருந்த எண்ணெய் சூட்டில் பொங்கி, உறையைத் தூக்கிவிட்டது. அந்த மாணவரின் மூன்று மாத வேலை அதோடு போயிற்று. இப்போது முதலில் விளிம்பை அடைத்துவிட்டுத்தான் எண்ணெயில் இறக்குகிறேன்.

“எங்க சூளையிலயே சுட்டுப் பாக்கட்டுமா?”

பி.இசட்.டி. என்றால் வேண்டாம். இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. அதில் ஈய ஆக்சைடு இருக்கிறது. 1200 டிகிரியைத் தாண்டும் சூட்டில் அது ஆவியாகும். மூடிய அலுமினா மூசைக்குள், அதே பொருளின் தூளைச் சுற்றிக் கொட்டி, புகைபோக்கி உள்ள உலையில்தான் சுட வேண்டும். துளை விட்ட பொருளுக்கு உட்பரப்பு அதிகம் என்பதால் ஈயம் இன்னும் எளிதாக ஓடும். வில்லையும் கெடும், காற்றும் கெடும். அகல் விளக்கும் பொம்மையும் சுடும் சூளையில் ஈயம் படிந்தால், அடுத்து அதில் வேகும் சரக்கிலும் ஒட்டும். அந்தச் சூளையைச் சுற்றிப் பிள்ளைகள் விளையாடுகிறார்கள்.

செய்து பார்க்கக் கை துறுதுறுக்கிறது என்றால் பேரியம் டைட்டனேட்டில் தொடங்குங்கள். ஈயம் கிடையாது. ஆனால் அதன் தூளும் வாய்க்குள் போகக் கூடாது, முகமூடி போட்டுக்கொள்ளுங்கள். அதன் க்யூரி வெப்பநிலை 120 டிகிரிதான், ஆனால் துளை விடுவது, மெல்ல எரிப்பது, போலிங், அழுத்தச் சோதனை எல்லாவற்றையும் அதிலேயே கற்றுக்கொள்ளலாம். ஸ்டார்ச்சை எடையில் பத்து சதவீதம் கலந்து முதல் தட்டைச் சுடுங்கள். எரிக்கும் கட்டத்துக்கு ஒரு இரவு முழுக்கக் கொடுங்கள்.